பிள்ளைச் செல்வம் ஓர் அமானிதம்

பிள்ளைச் செல்வம் அல்லாஹ் தஆலா நமக்களித்த நிஃமத்து. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமும் ஆகும். 'முஸ்லிம்கள் அதிகம் பெறுவதற்கு அவர்களின் மார்க்கமே காரணம்' என்று வெளியார் சிலர் பழிக்கின்றனர். நம்மவரிலும் சிலர் அதையே பெருமையாகச் சொல்லிக் கொள்கின்றனர். இவ்விருவர் கூற்றும் சரிதானா?

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 1992-93-ல் நம் நாட்டு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 பிள்ளைகள். 2019-21-ல் அது 2.4 ஆகக் குறைந்தது. பங்களாதேஷில் 1975-ல் 6-க்கு மேலிருந்த சராசரி, 2011-ல் 2.3 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் திருமறை மாறவில்லை. தொழுகையும் நோன்பும் மாறவில்லை. மாறியவை வேறு. பெண்மக்கள் பள்ளிக்குச் சென்றார்கள். பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை பெற்றோருக்கு வந்தது. பங்களாதேஷில் பெண் ஊழியர்களே வீடு வீடாகச் சென்று, கோஷாவிலிருந்த தாய்மார்களிடம் பேசினார்கள். நம் நாட்டில் எல்லா மதத்தவரையும் சேர்த்துப் பார்த்தாலும், 2019-21-ல் பள்ளி செல்லாத பெண்களுக்குச் சராசரி 2.8, 12 ஆண்டுகளும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8.

இனி ஷரீஅத்தைப் பார்ப்போம். வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்வதைத் திருமறை (17:31) வன்மையாகத் தடுக்கிறது. ரிஜ்க் அளிப்பவன் அல்லாஹ்வே, அதில் ஐயமில்லை. ஆனால் பிறந்த உயிரைக் கொல்வது வேறு. கருத்தரிப்பதைத் தள்ளிப் போடுவது வேறு. கருத்தரிக்காதபடி கணவன் விலகிக் கொள்ளும் 'அஸ்ல்' என்னும் முறை, திருமறை இறங்கிய காலத்திலேயே ஸஹாபாக்களிடம் இருந்ததை ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. அதை வெறுத்தோரும் உண்டு. எனினும் மனைவியின் உயிருக்கு நேரும் ஆபத்தையும், பிள்ளைகள் பெருகுவதால் வரும் சிரமத்தையும் அஞ்சிச் செய்வது தடுக்கப்பட்டதன்று என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் விளக்குகிறார்கள். கருவுறும் தன்மையை நிரந்தரமாக அழிப்பதோ, நிர்ப்பந்தமின்றிக் கூடாதென்பதே உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து.

இங்கு நாம் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. அஸ்லுக்கு மனைவியின் சம்மதம் வேண்டுமென்று ஃபுகஹாக்களில் பலர் நிபந்தனை இட்டுள்ளனர். நம் வீடுகளில் அவளை யார் கேட்கிறார்கள்? ஆண் வாரிசு வேண்டுமென்று மாமியார் சொல்கிறார். கணவர் மௌனமாக இருக்கிறார். கையில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக அவள் உடல் தேய்கிறது. பால்குடியை நிறைவாக்க விரும்புவோருக்கு முழு இரண்டாண்டுகளைத் திருமறை (2:233) குறிப்பிடுகிறதே, அக்குழந்தையின் ஹக்கை யார் நிறைவேற்றுவது? ஆணோ பெண்ணோ, தருபவன் அல்லாஹ். அதற்காக அவளைப் பழிப்பது அநியாயமல்லவா?

ஆகவே கணவன்மார்களே, மனைவியிடம் மஷூரா செய்யுங்கள். மார்க்க விஷயத்தை ஆலிமிடமும், உடல்நிலையைத் தக்க பெண் மருத்துவரிடமும் கேளுங்கள். பெண்மக்களின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

அமானிதத்தைப் பேணும் ஸாலிஹான பெற்றோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.