இலையைத் திருத்துதல்

இலை செய்யும் வேலையில் பிழை உண்டா என்ற கேள்வி தாவரவியலுக்குள் எழுந்ததுதான் எனினும், அதற்கு விடை சொல்ல முற்படுகிறவர் தாவரவியலின் வேலியைத் தாண்டிச் சமய மெய்யியலின் மிகப் பழைய வழக்கொன்றுக்குள் நுழைந்துவிடுகிறார். படைப்பு நிறைவானதா, நிறைவானதென்றால் மனிதன் அதில் கைவைப்பது எதற்காக, நிறைவற்றதென்றால் படைத்தவனைப் பற்றி என்ன நினைப்பது என்பதே அவ்வழக்கு. சூரிய ஒளியின் ஆற்றலைக் கொண்டு நீரையும் கரியமில வாயுவையும் சர்க்கரையாக்கும் ஒளிச்சேர்க்கையைப் பயிர்களில் மேம்படுத்த முயலும் இன்றைய ஆய்வுகள், அவ்வழக்கைப் புதிய சான்றுகளுடன் மீண்டும் திறந்திருக்கின்றன. அச்சான்றுகள் இரு தரப்பினரையும் ஒருசேரச் சங்கடப்படுத்துகின்றன.

குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பது ரூபிஸ்கோ என்னும் நொதி. நொதி என்பது உயிரணுவுக்குள் ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்; ரூபிஸ்கோவின் வேலை, காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து இலையிலுள்ள ஒரு சர்க்கரைச் சேர்மத்துடன் இணைத்து, புழு முதல் மனிதன் வரை உண்ணும் உணவுக்கு முதற்படி அமைத்துக் கொடுப்பது. இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கும் இந்நொதி வியப்பூட்டும் அளவுக்கு மந்தமானது: பிற நொதிகள் பலவும் ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான வினைகளை முடித்துவிடுகையில், பயிர்களின் ரூபிஸ்கோ மூன்று நான்கோடு நின்றுவிடுகிறது. மந்தத்தைவிடப் பெரிய குற்றச்சாட்டு 1971இல் எழுந்தது. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இந்நொதி அவ்வப்போது ஆக்சிஜனையும் பிடித்துவிடுகிறது என்பதை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் போவ்ஸ், வில்லியம் ஆக்ரன் ஆகியோர் காட்டினர். நெல், கோதுமை, சோயா போன்ற பயிர்களில் ஏறத்தாழ நான்கைந்து முறைக்கு ஒருமுறை இத்தடுமாற்றம் நேர்கிறது. அவ்வாறு நேரும்போது உண்டாகும் நச்சுத்தன்மையுள்ள சேர்மத்தை இலை தன் உயிரணுவின் மூன்று வேறு அறைகளில் மாறிமாறி அனுப்பிச் சீர்செய்ய வேண்டியிருக்கிறது, அதற்குள் முன்பே சேர்த்த கரியின் ஒரு பங்கும் ஆற்றலும் வீணாகின்றன. ஒளிச்சுவாசம் எனப்படும் இச்செலவினால் அமெரிக்காவில் சோயா விளைச்சலில் 36 விழுக்காடும் கோதுமை விளைச்சலில் 20 விழுக்காடும் இழக்கப்படுவதாக 2016இல் வெளியான கணக்கீடு ஒன்று கூறுகிறது.

இத்தகைய நொதியைப் பிழையுடையது என்று தீர்ப்பெழுதிவிடுவது எளிது. அதன் பிறப்பு வரலாறு தெரியும்வரைதான் எளிது. ரூபிஸ்கோ தோன்றியபோது பூமியின் காற்றில் ஆக்சிஜன் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இல்லாத ஒன்றை வேறுபடுத்தி அறியும் திறன் தேவைப்படவும் இல்லை. ஒளியைக் கொண்டு நீரைப் பிளக்கக் கற்றுக்கொண்ட சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் வெளியேற்றிய ஆக்சிஜன், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் தங்கத் தொடங்கியது. அந்நுண்ணுயிர்கள் தாமும் ரூபிஸ்கோவை நம்பி வாழ்ந்தவையே. ஆகவே நொதியைத் தடுமாற வைக்கும் வாயு, அந்நொதியின் உழைப்பில் தழைத்த உயிர்களின் மூச்சாகவே வந்தது. பிழை என்றும் குறை என்றும் தமிழ் இரு சொற்களை வைத்திருப்பது இங்கு உதவுகிறது. பிழை என்பது செய்யத்தகாததைச் செய்தது. குறை என்பது ஒரு தேவைக்கு முன் போதாமற்போனது. தேவை மாறினால் குறையும் மாறும், பிழை மாறாது. ரூபிஸ்கோவினிடம் உள்ளது எது என்பதை முடிவுசெய்யாமலே பலர் அதைத் திருத்தவும் தடுக்கவும் புறப்பட்டிருக்கிறார்கள்.

உலகின் வடிவமைப்பிலிருந்து படைத்தவனின் அறிவை நிறுவலாம் என்று 1802இல் தமது நூலில் வாதிட்ட ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் பேலிக்கு, இந்நொதி உவப்பான சான்றாக இருந்திருக்காது. கீழே கிடக்கும் கடிகாரத்தைக் கண்டவன் கடிகாரம் செய்தவனை ஊகிப்பான் என்பது அவர் வாதம். கடிகாரம் அவ்வப்போது தவறினாலும் அவ்வூகம் தளராது என்று அவர் முன்கூட்டியே சொல்லிவைத்தார்; நான்கைந்து மணிக்கு ஒருமுறை தவறாக அடிப்பதையும் அவ்வூகம் தாங்குமா என்பது வேறு கேள்வி. அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்திய ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸின் நிலைப்பாடு இதைவிட நுட்பமானது. நன்மைகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி ஓரிடத்தில் இருக்க இயலாது, ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டாக வேண்டும், அவ்வாறு இயலக்கூடிய உலகங்கள் அனைத்திலும் சிறந்ததையே இறைவன் தேர்ந்தான் என்று 1710இல் வெளியான நூலில் அவர் எழுதினார். வோல்டேர் அதனைக் கதையாக்கி நகையாடிய பிறகு அறிவுலகில் அவ்வாதத்துக்கு மதிப்புக் குறைந்துபோயிற்று. ஆனால் 2006இல் செர்கெஸ், ஃபார்குவர், ஆண்ட்ரூஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கடவுளின் பெயரைச் சொல்லாமலே லைப்னிட்ஸை மீட்டுக் கொண்டுவந்ததைப் போன்றது. கரியமில வாயுவும் ஆக்சிஜனும் பிடிகொடுக்கும் அடையாளங்கள் அதிகமில்லாத சிறு மூலக்கூறுகள். அவற்றைத் துல்லியமாக வேறுபடுத்த வேண்டுமானால் நொதி தன் இடைநிலைப் பொருளை இறுகப் பற்ற வேண்டும், இறுகப் பற்றினால் விரைவில் விட இயலாது. துல்லியம் கூடினால் வேகம் குறையும். வெவ்வேறு உயிர்களின் ரூபிஸ்கோக்கள் தத்தம் சூழலில் இவ்விரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட நிறைவான சமரசத்தை அடைந்திருக்கின்றன என்பதே அக்கட்டுரையின் முடிவு. பின்னர் இன்னும் பல உயிர்களின் நொதிகளை ஒப்பிட்டவர்கள் அப்பிணைப்பு அவ்வளவு இறுக்கமானதன்று எனக் கண்டனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மெய்யியலாளர்கள் அறிவியல் கட்டுரைகளைச் சாட்சிக்கு அழைக்கும்போது அடுத்த கட்டுரை வரும்வரை காத்திருப்பது நல்லது.

இயற்கையில் கைவைத்தல் குறித்து மிகக் கூர்மையாக வாதிட்டுள்ள மரபு யூத மரபு. அதிலும் வாதம் பயிரைப் பற்றியே நடக்கிறது. ஒரே வயலில் இருவகை விதைகளைக் கலந்து விதைக்கலாகாது என்னும் லேவியராகம விதிக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் உரை கண்ட நாக்மனிதஸ், இனங்களைக் கலப்பவன் உலகுக்குத் தேவையானதை இறைவன் முழுமையாகச் செய்து முடிக்கவில்லை என்று எண்ணுபவனாகிறான் என்று காரணம் கூறினார். இதற்கு நேரெதிராக நிற்கிறது, மித்ராஷ் எனப்படும் விளக்க நூல்களுள் ஒன்றில் ரபி அகிவாவைப் பற்றி வழங்கும் கதை. இறைவனின் செயல் அழகா, மனிதனின் செயல் அழகா என்று ரோமானிய ஆளுநர் கேட்க, மனிதனின் செயலே என்று விடையளித்த அகிவா, ஒரு கையில் கதிர்களையும் மறுகையில் சுட்ட அப்பங்களையும் கொண்டுவந்து காட்டுகிறார். கதிரை உண்ண இயலாது. அப்பமாக்கும் பொறுப்பு மனிதனிடம் விடப்பட்டது, அதனால் இறைவனுக்கு இழுக்கில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒளிச்சேர்க்கை ஆய்வை எங்கே நிறுத்துவது? அப்பம் சுடுகிறவர் கோதுமையைக் கோதுமையாகவே விட்டுவிடுகிறார். அடுத்த ஆண்டு விதைக்கும்போது கதிர் பழைய கதிராகவே வரும். ஆனால் இல்லினாயில் ஒளிச்சுவாசத்தின் நீண்ட சுற்றுவழிக்குப் பதிலாகக் குறுக்குவழி ஒன்றை அமைத்து 2019இல் முடிவுகளை வெளியிட்ட குழுவினர், தம் சோதனைகளில் மிகச் சிறப்பாகச் செயற்பட்ட புகையிலைச் செடிக்குள் ஒரு பச்சைப் பாசியின் மரபணுவையும் பரங்கிக்காயின் மரபணுவையும் சேர்த்திருந்தார்கள். வயலில் அச்செடிகளின் உற்பத்தித்திறன் 40 விழுக்காட்டிற்கும் மேல் கூடியது. பாசியும் பரங்கியும் புகையிலையும் ஒரே செடிக்குள் கூடியிருப்பதை நாக்மனிதஸ் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. விதி விதைகளைக் கலப்பதைத்தான் தடுக்கிறது, தனித்து நின்று முளைக்காத மரபணுவை விதையென்று கொள்ள இயலாது என்று இக்காலச் சமயச் சட்ட அறிஞர்கள் பலர் கூறும் விடை சட்டத்துக்குப் பொருந்தும். ஆனால் நாக்மனிதஸ் சொன்ன காரணத்தை அது தொடுவதாகத் தெரியவில்லை.

அக்காரணத்தைத் தொட வேண்டுமானால் அதனடியில் இருக்கும் ஒரு நம்பிக்கையைத் தோண்டிப் பார்க்க வேண்டும். படைப்பில் கைவைக்காதே என்பவரும் இயற்கையின் பிழையைத் திருத்துவோம் என்பவரும், இலை மனிதனுக்கு உணவளிப்பதற்காக இருக்கிறது என்பதில் உடன்படுகிறார்கள்; அவ்வேலையை அது நன்றாகச் செய்கிறதா இல்லையா என்பதில் மட்டுமே வேறுபடுகிறார்கள். தாவரங்கள் விலங்குகளுக்காகவும் விலங்குகள் மனிதருக்காகவும் இருக்கின்றன என்ற அரிஸ்டாட்டிலின் வரிசை இருவர் மனத்திலும் உறைந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் இன்னொரு வகையாக வரிசைப்படுத்துகிறது: புல்லும் மரமும் ஓரறிவுயிர் என எண்ணப்பட்டு, உயிர்களின் நிரலிலேயே இடம்பெறுகின்றன, அவ்வரிசை அறிவின் படிநிலையைச் சொல்கிறதே ஒழிய, எது எதற்கு இரை என்பதைச் சொல்லவில்லை. ஓர் உயிருக்கு அதற்கென்று அலுவல் உண்டு என்று ஒப்புக்கொண்டபின், இலையின் நடத்தை வேறாகத் தெரியத் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, நண்பகல் வெயிலில் இலை தனக்குப் பயன்படும் அளவைவிட மிகுந்த ஒளியை உள்வாங்குகிறது. அம்மிகுதி ஆற்றல் பசுங்கணிகத்தை, அதாவது ஒளிச்சேர்க்கை நடைபெறும் பச்சை அறையை, சிதைத்துவிடாதபடி அதனை வெப்பமாக்கி வெளியேற்றும் காப்புமுறை ஒன்று அதனிடம் உள்ளது. மேகம் மறைத்தாலோ மேலிலையின் நிழல் விழுந்தாலோ இக்காப்பு உடனே தளர்வதில்லை, பல நிமிடங்கள் ஆகின்றன. அதற்குள் கிடைத்த சிறிதளவு ஒளியும் வீணாகிறது. உழவருக்கு இது நட்டம். செடிக்கு இது எச்சரிக்கை: மழையும் வறட்சியும் பூச்சியும் எப்போது வருமெனத் தெரியாத காட்டில், சில விதைகளையாவது முதிரவிட்டுச் சாவதே அதன் அலுவல், நிறையச் சேர்ப்பது அன்று. லைப்னிட்ஸின் சிறந்த உலகம் இங்கே நிபந்தனைக்குட்பட்டதாகிறது. காட்டில் சிறந்தது, நீர் பாய்ச்சி உரமிட்டுக் களையெடுத்த வயலில் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. வயலுக்கு வெளியிலும் நிலைமை மாறிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்ட நிலையில், இலையின் உலகில் கைவைக்கலாமா என்று கேட்பது சற்றே காலங்கடந்த கேள்வி.

தமிழில் திருத்துதல் என்னும் சொல் பிழை நீக்குவதை மட்டும் குறிப்பதன்று. காடாகக் கிடக்கும் நிலத்தைச் சாகுபடிக்கு ஏற்றதாக்குவதும் நிலம் திருத்துதலே. அவ்வாறு திருத்துகிறவர் நிலம் பிழை செய்ததென்றோ, நிலத்தைப் படைத்தவன் அரைகுறையாக விட்டானென்றோ கருதுவதில்லை. அங்கு முன்பிருந்த ஒழுங்கை எடுத்துவிட்டுத் தம் தேவைக்கான ஒழுங்கை வைக்கிறார், வைத்ததைக் காக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறார். கரையை உயர்த்தியவர் ஒவ்வோர் ஆண்டும் கரையைப் பார்க்க வேண்டும். நாக்மனிதஸின் கண்டனம் முதல்வகைத் திருத்தத்தைத் தாக்கும். இரண்டாம் வகைக்கு அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை, ஆனால் அங்கே வேறொரு கணக்கு தொடங்கிவிடுகிறது.

காப்புமுறை விரைவில் தளரும்படி மூன்று மரபணுக்களின் செயலைப் பெருக்கிய புகையிலை, 2016இல் வெளியான முடிவுகளின்படி ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாக வளர்ந்தது. அதே மாற்றம் செய்யப்பட்ட சோயா, இல்லினாய் வயலில் 2020ஆம் ஆண்டு சராசரியாக 24.5 விழுக்காடு கூடுதல் விதை தந்தது. விதையின் புரதமும் எண்ணெயும் குறையவில்லை. மறு ஆண்டு புயலில் பயிர் சாய்ந்தது, இலையடுக்கு குலைந்தது, திருத்தப்பட்ட செடிக்கும் திருத்தப்படாத செடிக்கும் விளைச்சலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆய்வுக்கூடங்களில் பெரிதும் வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் என்னும் சிறு கடுகினச் செடியில் ஜெர்மனியில் இதே மூன்று மரபணுக்களைக் கூட்டியபோது, காப்புமுறை எதிர்பார்த்தபடியே விரைந்து தளர்ந்தது. செடியோ, தயங்கிக்கொண்டிருந்த தன் இனத்துச் செடிகளைவிடக் குறைவாகவே வளர்ந்தது.