இடம் பெயர்ந்தால் போதுமா?

மனிதன் ஓரிடத்தை விட்டு வெளியேறுவதற்குக் காரணங்கள் பல. பசி ஒரு காரணம்; பயம் ஒரு காரணம்; மனக்கசப்பு ஒரு காரணம். வெளியேறுபவரைப் பார்த்து "எங்கே போகிறீர்கள்?" என்று எல்லோரும் கேட்கிறோம். எதைச் சுமந்து கொண்டு போகிறீர்கள், யாரை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்பவர் மிகக் குறைவு. இவ்விரு கேள்விகளையும் சென்ற பிப்ரவரியில் கொல்லிமலையில் மிளகு வியாபாரம் செய்யும் ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார். மார்க்கக் கல்வி பயின்றவர் என்று நம்மைச் சொல்லிக் கொள்கிறோம். எனினும் அன்று உடனே பதில் சொல்ல நம்மால் இயலவில்லை.

செல்பேசிகளில் இயங்கும் செயலிகளை மக்கள் கூட்டம் கூட்டமாக விட்டுச் செல்லும் காலம் இது. 2019 நவம்பரில் உச்சநீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, இந்தியர்கள் பலர் மனம் வெறுத்து மாஸ்டோடான் என்னும் வேறோர் இடத்திற்குச் சென்றனர். சென்றவர்களில் பலர் கொஞ்ச நாளில் திரும்பியும் வந்தனர். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் விதிகளை மாற்றுவதாக அறிவித்தது. பிப்ரவரி 8-க்குள் இசைவு தர வேண்டும் என்றது. எதிர்ப்புக் கிளம்பவே மே 15-க்குத் தள்ளி வைத்தது. அந்நாட்களில் சிக்னலுக்கு வந்த கூட்டத்தைத் தாங்க மாட்டாமல் அது ஒரு நாள் நின்றே போயிற்று. அதே மாதம் நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனம் 'அரட்டை' என்ற செயலியைக் கொண்டு வந்தது. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்து கொண்டிருந்த அச்செயலியில், 2025 செப்டம்பர் கடைசியில், மூன்றே நாட்களில் நாளொன்றுக்கு 3,50,000 பேர் சேரும் நிலை ஏற்பட்டதாக அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் டுவிட்டரை வாங்கியபோதும் இதுவே நடந்தது. மாதம் சுமார் 3 லட்சம் பேர் புழங்கிய மாஸ்டோடானில் அடுத்த மாதமே 25 லட்சம் பேர் புழங்கினர். பிறகு அந்த எண்ணிக்கையும் இறங்கியது.

வெளியேறுவதைத் தவறென்று சொல்ல நாம் வரவில்லை. ஒடுக்கப்பட்டுக் கிடந்தோம் என்று சாக்குச் சொல்வோரிடம், அல்லாஹ்வின் பூமி விசாலமாக இருக்கவில்லையா என்று வானவர்கள் கேட்பதாகத் திருமறையின் 'அன்னிஸா' அத்தியாயம் (4:97) கூறுகிறது. இறைவசனங்கள் ஏளனம் செய்யப்படும் சபையில், பேச்சு மாறும் வரை உட்கார வேண்டாம் என்றும் அதே அத்தியாயம் (4:140) தடுக்கிறது. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் நம் முஸ்லிம் சகோதரிகளின் படங்களை எடுத்து, 'ஏலம்' என்று பெயரிட்டு இணையத்தில் வைத்த அக்கிரமம் நடந்ததே! அதன் பின் தம் படங்களையும் கணக்குகளையும் நீக்கிவிட்டு ஒதுங்கிய சகோதரியைப் பார்த்து, "பொறுமையாக இருந்திருக்கலாமே" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை உண்டு? அது மானத்தைக் காக்கும் ஹிஜ்ரத். அதில் விவாதம் இல்லை.

விவாதம் நம்மைப் போன்றவர்களைப் பற்றியது.

நம் மஹல்லாவுக்கும் ஒரு பெரிய செயலியில் குழு இருந்தது. எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமன்று. நானூறுக்கும் மேற்பட்டோர், நாமும் அட்மின்களில் ஒருவர். ஜனாஸா அறிவிப்பு, பிறைத் தகவல், இரத்தம் தேவை என்ற வேண்டுகோள், இவற்றுக்கென்று தொடங்கியது. நாளடைவில் எங்கிருந்தோ வந்த ஃபார்வர்டுகளும், பிறைச் சண்டையும், ஒருவரை ஒருவர் குத்தலாகப் பேசுவதும் நிறைந்தன. ஒரு ரமலானில், நோன்புக் கஞ்சிக்கு வந்த அரிசி எத்தனை மூட்டை, மீதம் எவ்வளவு என்று மேற்படி இளைஞர் குழுவில் கேட்டார். கேட்டதில் குறும்பு எதுவும் இல்லை. சற்று நேரத்தில், ஜமாஅத்தில் செல்வாக்குள்ள ஒருவரின் உறவினர், சந்தாப் பதிவேட்டில் அந்த இளைஞர் வீட்டுப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டார். பதினான்கு மாதப் பாக்கி. "கணக்குக் கேட்கும் முன் இதைக் கட்டு" என்று கீழே ஒரு வரி. அதன் கீழே சிரிக்கும் முகங்கள், வரிசையாக.

இஷாவுக்கு முன்பே நாம் அதைப் பார்த்தோம். அழிக்கும் பொத்தான் நம் விரலடியில் இருந்தது. போட்டவர் யார் என்று யோசித்தோம். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று நமக்கு நாமே சொல்லிக் கொண்டோம்.

சில மாதங்களுக்குப் பின், "இந்த இடமே சரியில்லை, அமைதியான வேறு இடத்திற்குப் போவோம்" என்று முடிவு செய்து, புதிய செயலி ஒன்றில் புதிய குழு தொடங்கினோம். நானூறு பேரில் தொண்ணூறு பேர் வந்தார்கள். வராதவர் யார் யார் என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர் பார்த்தபோது வயது முதிர்ந்தவர்கள், பேரப்பிள்ளைகளின் கைபேசியில் செய்தி பார்க்கும் பெண்கள், வளைகுடாவில் இருப்போரில் பாதிப்பேர், பிறகு அந்த இளைஞர். ஆறு மாதத்தில் புதிய இடத்திலும் அதே ஃபார்வர்டுகள், அதே குத்தல். மூட்டையைத் திண்ணையிலிருந்து கூடத்திற்கு மாற்றியிருந்தோம், அவ்வளவுதான்.

எம்பெருமானார் (ஸல்) அவர்கள், அல்லாஹ் தடுத்தவற்றை வெறுத்து விடுபவரே உண்மையான முஹாஜிர் என்று விளக்கியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. மக்காவை விட்டு வந்தவர்கள் நிறைந்த ஊரில் சொல்லப்பட்ட சொல் இது. கால் நடந்ததை வைத்துப் பெருமை கொள்ள இடமின்றிச் செய்துவிட்ட சொல்.

மதீனா வந்து சேர்ந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நாம் மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் சொல்கிறோம். சொல்லிச் சொல்லி அதன் கூர்மை மழுங்கிவிட்டது. பள்ளிவாசல் எழுப்பினார்கள். வந்தவரையும் உள்ளூரவரையும் இருவர் இருவராகச் சகோதரர்களாக்கினார்கள். இங்கே சற்று நிற்க வேண்டும். ஸஃது பின் ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்ததும், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டதும் அந்த இருவர் உறவில் விளைந்தவை. இன்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். முன்பு 256 ஆக இருந்ததை 2022-இல் உயர்த்தினார்கள். ஆயிரம் பேரை ஒரே அறையில் நிறுத்திவிட்டு அதைச் சகோதரத்துவம் என்கிறோம். அவர்களில் யாருக்கு யார் பொறுப்பு?

அடுத்து ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. முஹாஜிர், அன்ஸார், யூதர் என அவ்வூரில் வாழ்ந்த அனைவரையும் அது சேர்த்தது. அக்கிரமம் செய்பவன் தம்மில் ஒருவரின் மகனே ஆயினும் இறையச்சமுடையோர் அனைவரும் அவனுக்கு எதிராக நிற்க வேண்டும் என்ற பொருளில் அதில் ஒரு விதி உண்டு. மத்ரஸாவில் நாம் படித்த விதி. பதிவேட்டுப் பக்கம் படமாக வந்த இரவில் நாம் மறந்த விதியும் அதுவே. 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும், பட்டப்பெயர் சூட்டுவதையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் அடுத்தடுத்துத் தடுக்கிறது (49:11,12). அதற்குச் சில வசனங்கள் முன்பு, வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்திற்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்துவீர்கள் என்கிறது (49:6). 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குடும்பத்தாரோடு கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டி, பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வதந்தி கைபேசிகளின் வழியாக ஊர் ஊராகப் பரவியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. ஐந்துக்குக் கீழே குறைக்கும் வேலை நம் விரலுக்கு உரியது.

இனி கொல்லிமலைக்கு வருவோம். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகளில் கைபேசிக்கு உயிர் இல்லை. மேலே ஊராட்சிகளின் பெயர்களே வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என்று இருக்கின்றன. இம்மலைவாழ் மக்கள் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்றும், அவர்கள் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மூன்று மலைகளில் பிரிந்து குடியேறினர் என்றும் சொல்வார்கள். முஸ்லிம் ஆட்சி தெற்கே பரவிய காலத்தில் அவர்கள் வந்ததாகவும் அக்கதைக்கு ஒரு வடிவம் உண்டு. நமக்கு அது இனிக்கும் வடிவமன்று. ஆனால் ஒருவர் ஏன் வெளியேறினார் என்பதை வெளியேறியவர் சொல்ல, தங்கியவர் கேட்டுக் கொள்வதுதானே நியாயம்?

வந்தவர்கள் ஒரே பெரிய ஊராகக் குவியவில்லை. நாடு நாடாக வாழ்ந்தார்கள். சந்தைக்கு எல்லா நாட்டாரும் வருவார்கள். மாஸ்டோடானின் அமைப்பும் ஏறத்தாழ இப்படித்தான் என்று விவரம் அறிந்த நண்பர் விளக்கினார்: சிறு சிறு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், சொந்த விதிகள், ஆனாலும் ஓரிடத்தார் மற்றோரிடத்தாரோடு கடிதப் போக்குவரத்துச் செய்யலாம். நல்ல அமைப்புத்தான். எனினும் பொறுப்பாளர் நம்மைப் போல் வாய்மூடி இருந்தால் சிறிய இடம் இன்னும் கொடியது. அங்கே ஒளிந்து கொள்ளக் கூட்டமும் இல்லை.

செம்மேட்டில் ஒரு தேநீர்க் கடை வாசலில் அந்த இளைஞரைச் சந்தித்தோம். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளிலிருந்து பறித்துக் காய வைத்ததை வாங்கிச் சாக்குகளில் கட்டிக் கொண்டிருந்தார். சலாம் சொன்னார், தேநீர் வாங்கித் தந்தார். அவர் நம் பள்ளிக்கு ஜும்ஆவுக்கு வந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

"தம்பி, இப்போது குழு மாறிவிட்டது. அமைதியாக இருக்கிறது. உங்களையும் சேர்த்து விடுகிறோம்" என்றோம். அமைதி என்றது முழு உண்மை அன்று என்பது சொல்லும்போதே உறுத்தியது.

"நீங்க எல்லாரும் வேற இடத்துக்குப் போனீங்க ஹஜ்ரத். என்கிட்ட யாரும் வரலியே" என்றார். சாக்கின் வாயைத் தைத்துக் கொண்டே, "போகும்போது அந்தப் படத்தையும் கொண்டு போனீங்களா, இல்ல அங்கேயே விட்டுட்டுப் போனீங்களா? இன்னும் யார் யார் போன்ல அது இருக்கு?" என்று கேட்டார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில், தனித்து ஒதுங்குவதா, மக்களோடு கலந்து வாழ்வதா என்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி எழுதியுள்ளார்கள். ஒதுங்குபவர் முதலில் கொள்ள வேண்டிய எண்ணம் தன் தீங்கிலிருந்து மக்களைக் காப்பது; மக்களின் தீங்கிலிருந்து தன்னைக் காப்பது அதற்குப் பின்னர்தான் என்று அதில் வரிசைப்படுத்துகிறார்கள். நாம் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, அந்த இடம் கெட்டது, நாம் தப்பித்தோம் என்று வெளியேறியிருந்தோம்.

"மாப்புக் கேட்கிறோம் தம்பி" என்றோம். தவ்பாவின் நிபந்தனைகளைப் பாடமாக நடத்துகிறவர்தாம் நாம். பாவத்தை விடுவது, வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்வது. அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் உரியவரிடம் தீர்த்துக் கொள்வது. நான்காவதற்காக இரண்டாண்டு கழித்து மலையேறி வந்திருந்தோம்.

அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீங்க தனியாக் கேக்கறீங்க ஹஜ்ரத். அன்னிக்கு நடந்தது நானூறு பேருக்கு முன்னாடி" என்றார்.

நியாயம். பகிரங்கமாகச் சென்ற மானத்தைத் தேநீர்க் கடையில் திருப்பித் தர முடியாது. ஆனால் அந்த நானூறு பேர் இப்போது எங்கே? நாம் விட்டு வந்த, கெட்டது என்று பெயர் சூட்டிய, அந்தப் பழைய குழுவில்தான் பெரும்பாலோர் இருக்கிறார்கள்.

அஸரைத் தொழுதுவிட்டு மலையிறங்கினோம். காரவள்ளி வந்ததும் கைபேசிக்கு உயிர் வந்தது. விட்டுச் சென்ற செயலியை மீண்டும் இறக்கி, பழைய எண்ணிலேயே பழைய குழுவிற்குள் சேர்க்கும்படி அங்கே எஞ்சியிருந்த அட்மினிடம் கேட்டோம். சேர்த்தார். 311 பேர் இருந்தார்கள். நடந்ததை, நம் மௌனத்தை, நம் பெயரோடு எழுதினோம். இளைஞரின் பெயரை அவர் அனுமதியின்றி எழுதவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் படம் யாரிடம் இருந்தாலும் அழித்துவிடும்படி வேண்டிக் கொண்டோம்.

அன்றிரவு எட்டுப் பேர் அழித்துவிட்டதாகத் தெரிவித்தார்கள். படத்தைப் போட்டவர் இது எழுதும் வரை ஒன்றும் சொல்லவில்லை. இளைஞரிடமிருந்து மறுநாள் காலை ஒரு வரி வந்தது: மிளகு முடிந்ததும் கீழே வருவதாகவும், சந்தாப் பாக்கியில் ஆறு மாதத்தை அப்போது கட்டுவதாகவும், கஞ்சி அரிசிக் கணக்கை எடுத்து வைக்கும்படியும்.