புல்லுக்கு யார் பொறுப்பு?

போடியிலிருந்து மூணாறு பஸ்ஸில் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தால் போடிமெட்டு. மேலே போனால் ஏலத்தோட்டம், நிழல் மரம், குளிர்காற்று. கதை எழுதுகிறவனுக்கு வேண்டிய சமாசாரமெல்லாம் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது சரிவுகளில் கோடையிலே காய்ந்து மஞ்சளாய் நிற்கும் புல்லைப் பற்றி.

இதே மலைகளில், சற்றுத் தள்ளி, 2018 மார்ச் 11-ந் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. 23 பேர் மாண்டார்கள். அநேகமாக எல்லாரும் சிறு வயசு. அனுமதி கொடுத்தது யார், தீ வைத்தது யார் என்று விசாரணை நடந்தது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அத்தனை புல்லை அங்கே காய்ந்து நிற்க விட்டது யார்?

1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டப்படி ரிசர்வ் காட்டில் நெருப்பு வைப்பது குற்றம். புல்லை வளரவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது குற்றமல்ல. போடிமெட்டு டீக்கடையில் ஒரு பெரியவர் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார்: "தீ வச்சவன் பேரு ரிக்கார்டுல ஏறும் சார். புல்லு வளந்து நின்னா யாரு பேரு ஏறும்?"

அமெரிக்கக் காட்டிலாகா 1935-ல் ஒரு விதி செய்தது: எந்தத் தீயானாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்தாக வேண்டும். சமர்த்தாக அணைத்தார்கள். சருகும் சுள்ளியும் வருஷக்கணக்கில் சேர்ந்தன; பின்னால் பிடித்த தீ மனித யத்தனத்துக்கு அடங்கவில்லை. 1970-களில் விதியைக் கைவிட்டு, தாங்களே அளவாகக் கொளுத்தத் தொடங்கினார்கள். 2022-ல் நியூ மெக்சிகோவில் அப்படி வைத்த தீ கைமீறி, அந்த ராஜ்யத்தின் சரித்திரத்திலேயே பெரிய காட்டுத்தீயாகிவிட்டது. காடு அவர்கள் நினைத்ததைவிட வறண்டு கிடந்ததாம். உடனே தேசம் முழுவதும் 90 நாள் நிறுத்தம்.

பூமி சூடாகிறது என்பதன் அர்த்தம் இதுதான். பழைய பஞ்சாங்கம் பொய்த்துப்போகிறது. எந்த வாரத்தில் கொளுத்தினால் ஆபத்தில்லை என்று பாட்டன் காலத்திலிருந்து தெரிந்த கணக்கு இப்போது உதவவில்லை. 2024 கோடையில் இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டக்காரர்கள் செடி கருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களே, அதே வெயில்தான் புல்லையும் காய்ச்சுகிறது.

எல்லாவற்றையும் கொளுத்து என்று நான் சொல்லவில்லை. சோலைக்காட்டில் தீ புகுந்தால் அது மீளப் பல தலைமுறை ஆகும். வருஷா வருஷம் எரித்தால் கன்றுகள் தலையெடுக்காது. எங்கே, எப்போது, எவ்வளவு என்பதற்குப் புத்தி வேண்டும். அதற்குமேல் தைரியம் வேண்டும். தைரியத்தைத்தான் நம்முடைய முறை தண்டிக்கிறது. கொளுத்திய தீ ஒருமுறை தப்பினால் உத்தியோகம் போகும். பத்து வருஷம் சும்மா இருந்தவர் மாலையும் கழுத்துமாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு போவார். குடும்பஸ்தன் எதைத் தேர்ந்தெடுப்பான்? அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோடைக்கு முன்னால், தீத்தடுப்புக் கோடு போடுகிற சமயத்தில், எந்தச் சரிவைக் கொளுத்துவது, எதை விடுவது என்று எழுத்தில் முடிவாகட்டும். விடுகிற சரிவுக்கும் ஒருவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அந்தக் கையெழுத்து மேஜைக்குப் பின்னால் இருக்கிறவருடையதாக இருக்கவேண்டும். தீப்பெட்டியோடு மலை ஏறுகிற கார்டின் பெயர் கடைசியில் வந்தால் போதும்.