மருந்தின் வாயில் யார் கையில்?

நோயுற்றவனுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பதை மறுப்பவர் உலகில் இலர். ஆனால் எதன் பொருட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், விடைகள் பலவாகப் பிரியும். இரக்கத்தின் பொருட்டு என்பார் ஒருவர். புண்ணியத்தின் பொருட்டு என்பார் மற்றொருவர். அவன் எழுந்து வேலைக்கு வரவேண்டுமே, அதன் பொருட்டு என்பார் மூன்றாமவர். மூவரும் நீட்டுவது ஒரே மருந்துதான். ஆயினும் அதைப் பெறுகிறவனின் நிலை மூன்றிடத்தும் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை நம் தோட்ட மக்கள் தங்கள் உடம்பாலேயே கற்றவர்கள். ஆகவே இதனை நாம் ஆராய்வது பொருத்தமேயாகும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணி செய்வோன் என்பன அவை. மலாயாவின் ரப்பர் தோட்டத்திலோ ஐந்தாவது கூறு ஒன்றும் இருந்தது. நோயாளி வைத்தியனிடம் செல்லலாமா, கூடாதா என்று தீர்மானிக்கும் அதிகாரமே அது. மற்ற நான்கும் குறைவற இருப்பினும், இவ்வைந்தாவது இசையாவிடில் பயன் என்ன?

தொழிலாளர்க்கு வைத்திய வசதி அளிப்பதைச் சட்டம் தோட்ட முதலாளிமார் மீது கடமையாகச் சுமத்தியிருந்தது. ஐக்கிய மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இக்கடமை இடம்பெற்றது. அதனால் தோட்டத்து ஆஸ்பத்திரிகள் எழுந்தன; டிரஸர்மார் வந்தனர். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. இதனை மறைப்பது நேர்மையாகாது. நள்ளிரவில் விளக்கெடுத்துக்கொண்டு லயம் லயமாகச் சென்று நோயாளரைக் கவனித்த டிரஸர்மாரும் உண்டு.

ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். விடியற்காலைப் பெரட்டிலே ஒருவன் காய்ச்சல் என்று வந்து நின்றால், அவனுக்கு ஓய்வு எழுதுவது தோட்டத்துக்கு ஓர் ஆள் நட்டம். எழுதாவிடில் அவன் உயிருக்கு நட்டம். நாட்கூலிக்காரனோ, வேலைக்குப் போகாவிடில் அன்றைய கூலியையும் இழப்பான். இந்நிலையில் டிரஸர் நோயை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாயின், அவர் சாதாரண மனிதரைவிட மேலான துணிவு உடையவராக இருக்க வேண்டும். எல்லா மனிதரும் வீரராக இருந்தால்தான் நியாயம் நடக்கும் என்றால், அவ்வமைப்பே நியாயமற்றது. குற்றம் டிரஸருடையதன்று, சம்பளத்தை ஓரிடத்திலும் கடமையை வேறிடத்திலும் கட்டி வைத்த ஏற்பாட்டினுடையது.

இவ்வேற்பாட்டின் உண்மைச் சொரூபம் 1930ஆம் ஆண்டை அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் வெளிப்பட்டது. ரப்பர் விலை வீழ்ந்தது. பால் வெட்டும் கைகள் மிகையாயின. பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களோடு தோட்டம் கொண்டிருந்த உறவு கூலியோடு தொடங்கியது; கூலி நின்றபோது முடிந்தது. மருந்தும் அந்த உறவின் ஒரு பகுதியாகவே இருந்தது. உழைப்பின் பொருட்டு அளித்த மருந்து, உழைப்பு வேண்டாதபோது எப்படி நிற்கும்?

இங்கு ஒரு நண்பர், “உழைப்பவன் நாட்டுக்குச் செல்வம் தருகிறான், ஆதலால் அவனுக்கு மருந்து பெறும் உரிமை உண்டு என்று வாதாடலாமே” என்று கேட்கக்கூடும். கேட்க இனிமையான வாதந்தான். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உழைத்ததால் உரிமை என்போமாயின், உழைக்க முடியாத நாளில் அவ்வுரிமை போய்விடும். நோய் என்பதோ உழைக்க முடியாத நாளின் பெயர். குழந்தையும், கிழவியும், கைகால் இழந்தவனும் இக்கணக்கில் எங்கே நிற்பர்? மனிதன் வலியை உணர்கிறான். பிறர் துணையின்றி அதைத் தீர்த்துக்கொள்ள அவனால் இயலாது. இதற்கு மேல் ஒரு காரணம் வேண்டியதில்லை.

இன்னொரு நண்பர், நம்மவர் ஆஸ்பத்திரியை விட்டுப் பூசாரியையும் தாயத்தையும் நாடிக் கெட்டார்கள் என்பார். அதுவும் மெய்யே. காய்ச்சலுக்குத் திருநீறு மருந்தாகாது என்பதை இவ்வேடுகள் ஓயாமல் சொல்லியே தீரவேண்டும். ஆனால் சந்தேகத்தோடு நோக்கும் வைத்தியசாலையைவிட, ஆறுதலோடு பேசும் பூசாரி ஏழைக்கு அண்மையில் இருந்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறியாமையை ஒழிக்க விரும்புவோர் அவமதிப்பையும் ஒழிக்கக் கடவர்.

மனிதரைத் தரம் பிரிக்காத வைத்தியத்தையும் இந்நாடு கண்டிருக்கிறது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை 1897இல் ரொனால்டு ராஸ் இந்தியாவில் நிலைநாட்டினார். 1901இல் கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போனபோது, டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடியச் செய்யும் வேலையை முன்னின்று நடத்தினார். மறு ஆண்டே சாவு பெரிதும் குறைந்தது. கால்வாய் யாரையும் யார் நீ என்று கேட்பதில்லை. அது துரையின் பங்களாவையும் கூலியின் லயத்தையும் ஒருசேரக் காக்கிறது. ஒரு லயத்தை விட்டுவிட்டால் பங்களாவுக்கும் காவல் இல்லை. பொதுச் சுகாதாரத்தின் அறம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

1957இல் சுதந்தரம் வந்தது. கிராமங்களில் அரசாங்கச் சுகாதார நிலையங்கள் பெருகின. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அந்நன்மை பெரும்பாலும் தோட்ட வாசலோடு நின்றது. பின்னரே மெல்ல மெல்ல நம்மவரை எட்டியது. இன்று மலேசியக் குடிமகன் அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கொடுத்து வைத்தியரைப் பார்க்கிறான். எந்தத் துரையின் சீட்டும் அவனுக்கு வேண்டியதில்லை. இது சிறிய வெற்றியன்று.

ஆனால் நம் தாத்தாமார் பால் வெட்டிய நிலத்தில் இன்று யார் வேலை செய்கிறார்கள்? இந்தோனேசியரும், வங்காளதேசத்தாரும், நேப்பாளத்தாரும் அல்லவா? அவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் கட்டணம் நமக்குள்ளதைவிடப் பன்மடங்கு. ஆவணம் இல்லாமல் வரும் நோயாளியைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று கூறிற்று. பிடிபடுவோம் என்று அஞ்சுகிறவன் நோய் முற்றும்வரை மறைந்திருப்பானேயன்றி வைத்தியசாலைக்கு வருவானா? சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டுக் கொள்ளை நோய்க் காலத்தில், தங்குவிடுதிகளில் நெருங்கி வாழ்ந்த வெளிநாட்டுத் தொழிலாளரில் கிட்டத்தட்டப் பாதிப்பேரை அந்நோய் தொற்றியது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் அவர்களுள் பலர். 2022இல் முதலாளிமார் அவர்களுக்காக முன்கூட்டியே கட்டணம் செலுத்தும் வைத்தியத் திட்டம் கட்டாயமாயிற்று. முன்னேற்றமே. எனினும் வாயிலின் திறவுகோல் இன்னும் வேலையோடுதான் கட்டப்பட்டிருக்கிறது.

“நம் வரிப்பணத்தில் அவர்களுக்கு ஏன்?” என்னும் சொல் இப்போது நம்மவர் வாயிலும் கேட்கிறது. தோழர்களே, இச்சொல் நமக்குப் புதிதா? பணம் அளவுக்குட்பட்டது என்பது உண்மையே. யாரை முதலில் கவனிப்பது என்று தீர்மானித்தே ஆகவேண்டும். அத்தீர்மானத்தை நோயின் கடுமை செய்யட்டும். நோயாளியின் நாடும் கூலியும் செய்ய வேண்டாம். பெரட்டிலே காய்ச்சலோடு நின்ற நம் பாட்டனைப் பார்த்து, “நீ யாருடைய ஆள்?” என்று கேட்டது அநீதி என்றால், இன்று நாம் வாயிலுக்கு உட்புறம் நின்றுகொண்டு அதே கேள்வியைக் கேட்பது எங்ஙனம் நீதியாகும்?