வழி கேட்க வெட்கமா?



நான் உரோமாபுரிக்குப் போய்த் திரும்பியது முதல், "அங்கே என்னென்ன பார்த்தீர்கள், சுவாமி?" என்று உங்களில் பலர் அன்போடு விசாரிக்கிறீர்கள். பார்த்தவை அநேகம். ஆயினும் அங்கே வழி தப்பி நின்ற ஒரு மாலைப்பொழுதைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் புறப்படுமுன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் வந்தாள். தகப்பனோடு சச்சரவிட்டு வெளியேறிய அவள் மகன் மூன்று வருடமாய் வீடு திரும்பவில்லை. "அங்கே மாதா பெரிய கோவிலில் என் பிள்ளைக்காக ஒரு திரி ஏற்றுங்கள், சுவாமி" என்று கேட்டாள். ஆகட்டும் என்று வாக்களித்தேன். அவள் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

பிரயாணத்தின் கடைசி நாள் வந்தது. பாந்தியோன் கோவிலின் பெரிய கூண்டையும், அதன் உச்சியில் வானம் தெரியும் வட்டத் திறப்பையும் அண்ணாந்து பார்த்து நின்றேன். பின்பு 1762-ல் கட்டி முடித்த திரேவி நீரூற்றுக்குப் போனேன். வேடிக்கை பார்த்ததில் பொழுது போனதே தெரியவில்லை. வாக்கு நினைவுக்கு வந்தபோது சூரியன் சாய்ந்துவிட்டது. கைத்தொலைபேசியும் அணைந்து போயிற்று. சந்துகளோ ஒன்றைப்போல் ஒன்று இருந்தன.

வழி கேட்டிருக்கலாம். ஆனால் என் மனம் இடங்கொடுக்கவில்லை. இலத்தீன் படித்தவன், திருச்சபைச் சரித்திரம் கற்றவன், நான் போய் வழி கேட்பதா? முக்கால் மணி நேரம் சுற்றியபின் மறுபடியும் அதே நீரூற்றின் முன் நின்றேன்!

கடைசியில், காய்கறிப் பையோடு வந்த ஒரு மூதாட்டியிடம் கோவிலின் பெயரைச் சொன்னேன். அவள் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடவில்லை. என்னோடு மேட்டில் ஏறி, நான்கு நீரூற்றுச் சந்தி மட்டும் வந்தாள். அங்கிருந்து ஏறியிறங்கிச் செல்லும் நேர்வீதியின் கோடியில் ஓர் உயர்ந்த கல்தூண், அதன் உச்சியில் சிலுவை!

1585 முதல் 1590 வரை ஆண்ட ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பானவர், பெரிய கோவில்களை இணைக்க நேரான வீதிகளை அமைத்தார். பழங்காலத்துக் கல்தூண்களை 1586-ல் அர்ச். இராயப்பர் கோவிலின் முன்னும், 1587-ல் மாதா கோவிலின் பின்னும், 1588-ல் இலாத்தரான் கோவிலின் அருகிலும் நிறுத்தி, அவற்றின்மேல் சிலுவையை வைத்தார். தூரத்திலிருந்தே யாத்திரிகர் அவற்றைக் கண்டு வழி நடக்கலாம்.

நான் விரைந்து ஓடினேன். கோவில் கதவோ சாத்தியிருந்தது. மறுநாள் விடியற்காலையில் விமானம். வெளியே நின்று செபித்துவிட்டுத் திரும்பினேன்.

ஊர் வந்ததும் அந்தத் தாயிடம் நடந்ததை வெட்கத்தோடு சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "என் பிள்ளையும் அப்படித்தான், சுவாமி. வழி தெரியாமல் இல்லை, கேட்க வெட்கப்பட்டு எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறான்" என்றாள்.

பிரியமானவர்களே, அந்த இராப்போசனத்தில் தமக்கு வழி தெரியவில்லை என்று கூசாமல் சொன்னவர், நம் நாட்டில் வேதம் போதித்த அர்ச். தோமையாரே. கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தாமே வழி என்றார். கைகாட்டி அனுப்பிவிடாமல் கூடவே நடக்கிறவர் அவர்.

நெடுநாளாய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருப்பவர்களே, நீங்கள் எப்படித் தொடங்குவது என்று தயங்குகிறீர்களோ? வழி தெரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை நான் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலை உங்களுக்காகக் காத்திருப்பேன்.

வீட்டைவிட்டுப் போன பிள்ளையை நினைத்து வருந்தும் பெற்றோர்களே, வாசலில் நின்று விரல் நீட்டிக் குற்றம் சொல்லாதேயுங்கள். அந்த மூதாட்டியைப்போல் சற்று மேடேறிப் போய், நீங்களே முதலில் பேசுங்கள்.

இந்த ஞாயிறு பூசைக்குப் பின், உரோமாபுரியில் ஏற்றாமல் வந்த அந்தத் திரியை நம் மாதா பீடத்தில் ஏற்றப் போகிறேன். அந்த மகனுக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்ல நீங்களும் என்னோடு நில்லுங்கள்.

ஆண்டவரில் அன்புள்ள,
உங்கள் பங்குச் சுவாமியார்