நூறு பேருக்கு ஒரு கதவு

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஒரு நாள் இரவு பத்தேமுக்காலுக்கு மாணவர் விடுதியில் இணையம் நின்றது. மறுநாள் காலை வார்டன் கேட்டார்: "ஒருத்தன் பண்ணுன தப்புக்கு நூறு பசங்களையும் அடைச்சு வெச்சா எப்படிங்க சார்?"

நடந்தது இதுதான். ஒரு பையன் தன் அறையில் வைத்திருந்த சின்ன ஸ்விட்சில், கேபிளின் இரண்டு முனைகளையும் தெரியாமல் செருகிவிட்டான். ஈதர்நெட்டில் 'இந்த முகவரி யாருடையது?' என்பதுபோல் எல்லோரையும் பார்த்துக் கேட்கும் அழைப்புகள் உண்டு. பிராட்காஸ்ட் என்பார்கள். ஸ்விட்ச் அவற்றை எல்லாப் போர்ட்டுக்கும் படியெடுத்து அனுப்பும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு. ஈதர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. வளையத்தில் சிக்கினால் ஓயாமல் சுற்றிப் பெருகும். அதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பானிங் ட்ரீ முறையை வகுத்தார். பையன் வாங்கிய மலிவு ஸ்விட்சில் அது இல்லை.

இதற்காகவே விடுதிக்குப் போகும் போர்ட்டில் 'ஸ்டார்ம் கன்ட்ரோல்' போட்டிருந்தேன்: பிராட்காஸ்ட் 1 சதவீதத்தைத் தாண்டினால் போர்ட்டை மூடிவிடு. மூடியது. மற்றக் கட்டடங்கள் தப்பின. ஆனால் அன்று ஒரு போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காத இடம். இரண்டு பேர் மொட்டைமாடிக்கு ஏறி அனுப்பிவிட்டார்கள். ஒருவன் தவறவிட்டான்.

மூடாமல், அளவுக்கு மேல் வருவதை மட்டும் உதறச் சொல்லியிருக்கலாம். அதிலும் முழு நியாயம் இல்லை. கருவிக்கு எண்ணத்தான் தெரியும். வெறுமனே சுற்றுவதையும், உண்மையிலேயே முகவரி கேட்பவனின் அழைப்பையும் அது பிரித்தறியாது. இரண்டையும் சேர்த்தே கொட்டும். இணைப்பு இருப்பதுபோல் தெரியும், வேலை நடக்காது. மூடினால் கோளாறாவது வெளியே தெரிகிறது.

மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாய் பாயும் ஊர்களில் இதை விளக்க வேண்டியதில்லை. கரை உடைந்தால் மதகை அடைப்பார்கள். உடைத்தது யாரானாலும் கடைமடைக்காரன் வயலும் காயும். அடைத்ததைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. "எப்பத் தொறப்பீங்க?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. பயந்துபோன பையன் பத்து நிமிடத்திலேயே கேபிளைப் பிடுங்கிவிட்டானாம். போர்ட் காலைவரை மூடியே கிடந்தது. சிஸ்கோ ஸ்விட்சுகளில் மூடிய போர்ட்டை 300 வினாடி கழித்துத் தானாகத் திறக்கவைக்கும் வசதி உண்டு; நாம்தான் அதை இயக்கிவைக்க வேண்டும். நான் இயக்கவில்லை. நான்கு மாடிக்கும் ஒரே போர்ட் போதும், செலவு மிச்சம் என்று முடிவெடுத்ததும் நான்தான்.

வார்டனிடம் "மெஷின் பண்ணுச்சுங்க" என்றேன். பொய்யில்லை. ஆனால் பலருக்காகச் சிலரை அடைக்க நேரும்போது, எத்தனை பேரை அடைக்கிறோம், எப்போது திறக்கிறோம் என்ற இரண்டில்தான் நியாயம் இருக்கிறது. இரண்டையும் புயலுக்கு முன்பே, நிதானமாக இருந்தபோதே, முடிவு செய்தவன் நான். தவறு முடிந்த பிறகும் தண்டனை நீண்டதற்கு மெஷின் பொறுப்பாகாது.

இப்போது மாடிக்கு ஒரு போர்ட். ஐந்து நிமிடத்தில் தானே திறக்கும். விண்ணப்பத்தைத் தவறவிட்ட பையனிடம் இதைச் சொன்னேன்.

"இனிமே வர்றவங்களுக்கு ஆகுங்க சார்" என்றான்.