ஒலியும் ஒளியும் கவனமும்

விளையாட்டு வினையாகும் என்பது பழமொழி. வினைக்காகவே விளையாடும் விளையாட்டும் உண்டு. மும்பை அணுசக்தி நகரில் தலைமையகம் கொண்ட இந்திய அணுமின் கழகம், நம் கூடங்குளத்தில் உண்மையான கட்டுப்பாட்டு அறையைப் போலவே ஒரு சிமுலேட்டரை அமைத்துள்ளது. அங்கே உலை இல்லை. கணிப்பொறியே உலையாக நடிக்கிறது. விளக்கு எரியும், மணி ஒலிக்கும், முள் அசையும். பயில்வோர் பிழை செய்தாலும் எவர்க்கும் தீங்கில்லை. இன்று சிறுவர்க்குப் பாடம் புகட்டும் கைப்பேசி விளையாட்டுகளும் இவ்வழியே செல்கின்றன.

இவ்வொலியும் ஒளியும் கவனத்தை வளர்க்கின்றனவா, கவர்ந்து செல்கின்றனவா? இதுவே நாம் ஆராய வேண்டுவது.

மணிமேகலை கூறும் பன்னிரு சார்புகளுள் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை என்பன தொடர்ந்து வருவதை நாம் அறிவோம். சரியான விடைக்கு இன்னொலி எழுகிறது, செவி அதனைத் தொடுகிறது, சிறுவன் மகிழ்கிறான். அடுத்து அவன் நாடுவது விடையையா, ஒலியையா? ஒலியையே எனில், கற்றல் வேட்கைக்கு அடிமையாயிற்று.

அச்சமூட்டும் ஒலியும் அத்தகையதே. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில், சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. எது முதன்மை என்று பிரித்தறிய இயலவில்லை. திறந்தே கிடந்த ஒரு வால்வை, மூடியதாகக் கருதினர். ஏனெனில் பலகை விளக்கு காட்டியது மூடுமாறு விடுத்த கட்டளையையே. வால்வின் உண்மை நிலையை அன்று. இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீர் வெளியேறியது. உலையின் உள்ளகத்தில் ஏறக்குறைய பாதி உருகிற்று. அவர்கள் கண் விழித்தே இருந்தனர். ஆயினும் குறியைக் கண்டனர், பொருளைக் காணவில்லை.

ஆகவே ஒலியும் ஒளியும் வேண்டா என்போமா? அன்று. செய்கைக்கு உடனே மறுமொழி கிடையாவிடில் பயில்வோன் பிழையை எங்ஙனம் உணர்வான்? அளவோடும் காலத்தோடும் வரும் குறிப்பு கவனத்திற்குத் துணை. நல்ல பயிற்சியில் பொய் காட்டும் கருவியும் வேண்டுமென்றே சேர்க்கப்படும். மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டுத் தெளிதல் அப்போதே பழக்கமாகும்.

நம் இல்லங்களிலும் இதனைச் சோதித்தல் எளிது. பிள்ளை விளையாடி முடித்தபின் ஒலியை நிறுத்திவிட்டு, அதே கணக்கைத் தாளில் எழுதிக் கேளுங்கள். அவன் ஆர்வத்தோடு செய்வானாயின், அவ்விளையாட்டு ஆசிரியர் பணி செய்தது எனலாம். முகம் சுளித்து மீண்டும் கருவியைத் தேடுவானாயின், அதனைச் சிலநாள் எடுத்து வைத்தலே பெற்றோர் கடமையாகும்.